ஊரே முடங்கியபோது நடமாடிய எக்ஸ்ரே

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. உங்களில் பலர் அப்போது தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தீர்கள். பள்ளிகள் மூடப்பட்டன. சாலைத் தடுப்புகளில் போலீசார் நின்றார்கள். பாடமெல்லாம் கைப்பேசித் திரைக்கு இடம் மாறியது. ஊரே இப்படி முடங்கிக் கிடந்த நாள்களில், மருத்துவமனைகளுக்குள் ஒரு பொருள் மட்டும் முன்பைவிட அதிகமாக நடமாடத் தொடங்கியது. அதுதான் நடமாடும் எக்ஸ்ரே இயந்திரம்.

நடமாடும் என்றதும் கையில் தூக்கிச் செல்லும் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னக் குளிர்பதனப் பெட்டி ஒன்றுக்குச் சக்கரம் பூட்டி, அதன் மேல் நீண்ட இரும்புக் கை ஒன்றைப் பொருத்தினால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி இருக்கும். 400 கிலோகிராமுக்கும் கூடுதலான எடை கொண்டவை உண்டு. மின்கலத்தால் ஓடும் மோட்டார் உதவி செய்வதால்தான் ஒருவரால் அதை வார்டு வார்டாக ஓட்டிச் செல்ல முடிகிறது. இரும்புக் கையின் முனையில் எக்ஸ்ரே குழாய் இருக்கும். அதிலிருந்து வரும் கதிர், நோயாளியின் உடலைக் கடந்து, முதுகுக்குப் பின்னால் வைக்கப்பட்ட தட்டையான உணர்தகட்டில் விழும். 35 சென்டிமீட்டர் அகலமும் 43 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட தகடு அது. சில நொடிகளில் இயந்திரத்தின் திரையில் படம் வந்துவிடும்.

இதை இயக்குபவர் மருத்துவரும் அல்லர், தாதியும் அல்லர். மலாயில் ஜூரு எக்ஸ்ரே என்கிறோம். உலக வழக்கில் ரேடியோகிராபர். பெருந்தொற்றுக் காலத்தில் முன்களப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் பதாகைகளை நாம் எத்தனையோ பார்த்தோம். மருத்துவர், தாதி, போலீஸ்காரர், இராணுவ வீரர் எல்லாரும் அவற்றில் இருந்தார்கள். எக்ஸ்ரே எடுப்பவரைத் தேடினால் கிடைப்பது அரிது. அந்தக் குறையை இந்த வாரம் கொஞ்சமாவது போக்கலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் செய்த வேலைக்குள் உங்கள் இயற்பியல் பாடத்தில் பாதி அடங்கியிருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

ஏன் படுக்கைக்கே போனார்கள்?

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு கோவிட்-19 நோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்தது. அறிகுறியே இல்லாதவர் முதல் வகை. அறிகுறி உண்டு, ஆனால் நுரையீரல் அழற்சி இல்லை என்றால் இரண்டாம் வகை. நுரையீரல் அழற்சி வந்துவிட்டால் மூன்றாம் வகை. அதோடு உயிர்வாயுவும் தேவைப்பட்டால் நான்காம் வகை. செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும் நிலை ஐந்தாம் வகை. தினமும் மாலைச் செய்தியில் இந்த எண்களைக் கேட்டிருப்பீர்கள்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள கோட்டைக் கவனியுங்கள். நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தக் கோட்டைப் போட முடியும். காய்ச்சலை அளந்து போட முடியாது. நோயாளியைக் கேட்டும் போட முடியாது. கோவிட் நோயாளிகளில் சிலர், இரத்தத்தில் உயிர்வாயு அளவு குறைந்த நிலையிலும், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனவே பார்க்கத்தான் வேண்டும். பார்ப்பதற்கு வேகமான, எளிய வழி எக்ஸ்ரே.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகவும் நுரையீரல் கறுப்பாகவும் தெரிவது ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எலும்பில் உள்ள கால்சியம் கதிரைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது. நுரையீரலில் பெரும்பகுதி காற்று. கதிர் தடையின்றிப் போய் உணர்தகட்டைச் சேர்கிறது, அந்த இடம் கறுக்கிறது. நுரையீரல் அழற்சியின்போது காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நீர் சேர்கிறது. நீர், காற்றைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது. அதனால் கறுப்பு வயலில் பனிமூட்டம் இறங்கியதுபோல வெண்மை படரும். கோவிட் நோயாளிகளில் இந்த மூட்டம் பெரும்பாலும் இரண்டு பக்கமும், நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் ஓரங்களிலும் தெரிந்தது.

ஆனால் எக்ஸ்ரே மாயக்கண்ணாடி அல்ல. 2020-இல் ஹாங்காங்கில் 64 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்தார்கள். முதல் படத்திலேயே மாற்றம் தெரிந்தது 69 விழுக்காட்டினருக்குத்தான். அறிகுறி தோன்றி 10 முதல் 12 நாள் ஆனபோதுதான் பாதிப்பு உச்சத்துக்குப் போயிருந்தது. இன்று படம் சுத்தமாக இருக்கிறது என்றால் நாளையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டிவந்தது. ரேடியோகிராபர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவராக இல்லாமல், அதே வார்டுக்கு அதே கட்டிலுக்கு நாள்தோறும் வருகிறவராக ஆனார்.

சிடி ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டுமே என்று கேட்பீர்கள். காட்டும். சீனாவின் ஹுபெய் மாநிலத்தில் தொடக்கத்தில் ஸ்கேன் படத்தை வைத்தே நோயாளிகளைக் கணக்கில் சேர்த்தார்கள். அந்தக் கணக்கு முறை வந்த 2020 பிப்ரவரி 13 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 15,000 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆனால் ஸ்கேன் இயந்திரம் நகராது. நோயாளிதான் அதனிடம் போக வேண்டும். வழியில் நடைபாதை, மின்தூக்கி, காத்திருக்கும் மற்றவர்கள். படம் எடுத்து முடிந்ததும் அறை முழுவதையும் துடைத்து, உள்ளிருக்கும் காற்று மாறும்வரை அடுத்தவரை உள்ளே விடாமல் காத்திருக்க வேண்டும். அதே அறையை நம்பிப் பக்கவாத நோயாளியும் விபத்தில் அடிபட்டவரும் காத்திருப்பார்கள். நோயாளியை நகர்த்துவதைவிட இயந்திரத்தை நகர்த்துவது மேல் என்ற முடிவுக்கு உலகின் பல மருத்துவமனைகள் வந்தன. சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. 2003-இல் சார்ஸ் நோய் வந்தபோதே அங்குள்ள டான் டோக் செங் மருத்துவமனை அந்த நோய்க்கான சிறப்பு மையமாகி, இப்படிப்பட்ட பாடங்களைக் கற்றிருந்தது.

அந்த அறைக்குள் நீங்கள்

இப்போது நீங்களே அந்த ரேடியோகிராபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது. தனியாகப் போகக் கூடாது. இருவராகத்தான் போக வேண்டும். அறைக்குள் போவதற்குள் யார் எதைத் தொடுவது என்று முடிவாகியிருக்கும். ஒருவர் நோயாளியைத் தொடுவார்; இயந்திரத்தைத் தொடமாட்டார். மற்றவர் இயந்திரத்தைத் தொடுவார். நோயாளியையோ கட்டிலையோ தொடமாட்டார். இந்த ஒரு விதியை மீறினால் போதும், நோயாளியிடமிருந்த கிருமி இயந்திரத்தின் பொத்தானில் ஏறி, அடுத்த வார்டுக்குச் சவாரி போய்விடும். நாளெல்லாம் வார்டு வார்டாகச் சுற்றும் 400 கிலோ வாகனம் அது என்பதை மறக்காதீர்கள்.

உணர்தகட்டை முதலில் நெகிழிப் பையில் போட்டு, அதை இன்னொரு நெகிழிப் பையில் போடுவீர்கள். பிறகு உங்கள் உடுப்பு. கதிரைத் தடுக்கும் ஈய அங்கியைப் போடுவதாக இருந்தால் அது உள்ளே. அதன்மேல் நீர் புகாத பாதுகாப்பு அங்கி. இந்த வரிசை ஏன் என்று யோசியுங்கள். ஈய அங்கி கனமானது, பலரும் பகிர்ந்து பயன்படுத்துவது, கழற்றி எறிய முடியாதது. வெளியே போட்டால் ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். உள்ளே போட்டால் வெளி அங்கியோடு கிருமி போய்விடும். அதன்பின் என்95 முகக்கவரி, முகத்தடுப்பு, இரண்டு அடுக்குக் கையுறை. குளிர்சாதன வசதி உள்ள அறையிலும் சில நிமிடங்களில் வியர்வை முதுகில் வழியும். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் அது ஆவி படிந்து மங்கும். துடைக்க முடியாது, கை முகத்துக்குப் போகக் கூடாது.

கட்டிலில் இருப்பவரால் உட்கார முடியாது. வாய்வழியே சுவாசக் குழாய், கழுத்தில் மருந்துக் குழாய், மார்பில் இதயத் துடிப்பு பார்க்கும் கம்பிகள். நோயாளியைத் தொடும் பொறுப்பில் இருப்பவர் தாதியரோடு சேர்ந்து அவரை மெல்லத் தூக்கி, முதுகுக்கடியில் தகட்டைச் செருக வேண்டும். ஒரு குழாய்கூட இழுபடக் கூடாது. கோவிட் நோயாளிகள் பலரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பகுதிக்கும் காற்று போய்ச் சேரும், உயிர்வாயு அளவு கூடும். சிகிச்சைக்கு அது நல்லது. படம் எடுக்கிறவருக்கு? மயக்க நிலையில் குப்புறக் கிடக்கும் ஒரு பெரியவரின் மார்புக்கடியில் தகட்டைச் செருகிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

தகடு சரியாக அமர்ந்ததும் இயந்திரத்தைத் தொடுபவர் குழாயை நேராக்குவார். இப்போது மூச்சு. நல்ல மார்புப் படத்துக்கு நோயாளி மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நுரையீரல் சுருங்கியே இருக்கும். நோய் இல்லாத இடமும் வெண்மையாகத் தெரியும். நலமான பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். மூச்சுத்திணறல் உள்ளவருக்கு அது 30-ஐத் தாண்டும். 30 என்றே வையுங்கள். ஒரு மூச்சுக்கு 2 நொடி. அதில் மார்பு முழுவதும் விரிந்து நிற்கும் கணம் ஒரு நொடியில் சிறு பகுதிதான். பிடித்து வை என்று சொன்னாலும் அவரால் முடியாது. ஆகவே ரேடியோகிராபர் மார்பு ஏறி இறங்குவதை இரண்டு மூன்று முறை பார்த்து, தாளத்தைப் பிடித்துக்கொண்டு, சரியான கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி இருந்தால் அதன் திரையிலுள்ள வரைகோட்டைப் பார்த்து அழுத்துவார். கதிர் பாய்வது ஒரு நொடியில் நூறில் சில பங்கு நேரமே. தவறினால் மறுபடி எடுக்க வேண்டும். மறுபடி என்றால் மறுபடி கதிர், மறுபடி தூக்கல், அந்த அறைக்குள் மறுபடி சில நிமிடம்.

படம் திரையில் வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். நோயாளியைத் தொட்டவர் பையோடு தகட்டை எடுத்து, வெளிப்பையின் வாயைத் திறந்து பிடிப்பார். மற்றவர் வெளிப்பையின் மேல் கை படாமல் உள்ளிருப்பதை உருவிக்கொள்வார். தகடு, இயந்திரத்தின் கைப்பிடி, குழாய், கம்பி, சக்கரம் என எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். பிறகு உடுப்பைக் கழற்றும் கட்டம். தொற்று ஒட்டிக்கொள்ள அதிக வாய்ப்புள்ள கட்டம் இதுதான். சோர்ந்து போயிருப்பீர்கள், எப்போது முகக்கவரியைக் கழற்றுவோம் என்றிருக்கும். ஆனால் வரிசை மாறக் கூடாது: கையுறை, அங்கி, கை கழுவல், முகத்தடுப்பு என்று போய், முகக்கவரி கடைசியில், அறைக்கு வெளியே. சாதாரண நாளில் சில நிமிடங்களில் முடிகிற ஒரு மார்புப் படம் இப்படித்தான் நீண்டது. பட்டியலில் அடுத்த பெயர் காத்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு

ரேடியோகிராபர்கள் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்குப் பழகியவர்கள். பயிற்சியின் முதல் நாளிலிருந்தே அவர்களுக்குச் சொல்லித் தருவது மூன்று சொற்கள்: நேரம், தொலைவு, தடுப்பு. கதிருக்கு அருகில் நிற்கும் நேரத்தைக் குறை, தள்ளி நில், நடுவே ஈயத்தை வை. பெருந்தொற்றின்போது நமக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதே மூன்றுதானே? கூட்டத்தில் அதிக நேரம் இருக்காதே, ஒரு மீட்டர் தள்ளி நில், முகக்கவரி போடு.

ஒற்றுமை அதோடு நின்றுவிடுகிறது. தொலைவை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர் தலைகீழ் இருபடி விதிக்குக் கட்டுப்பட்டது. தொலைவு இரண்டு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. படுக்கையோரத்தில் எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்தான் பக்கத்தில் நிற்பவரைத் தொடும். ஒரு மீட்டர் தொலைவில் அது, நோயாளிமேல் விழுந்ததில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. நோயாளிக்கே கிடைப்பதும் மிகக் குறைவு: ஒரு மார்பு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து இயற்கையாக ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம் எல்லார்மேலும் விழுகிறது. வகுத்துப் பாருங்கள். ஒரு மார்புப் படம் என்பது மூன்று நாள் சும்மா உயிரோடு இருப்பதற்குச் சமம்! அதில் நாலாயிரத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்பதை உங்கள் கணிப்பானிடம் விட்டுவிடுகிறேன்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியம். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது, "எக்ஸ்ரே எடுத்த அறையில் கதிர் தங்கியிருக்குமா?" என்று கேட்பார். தங்காது. விளக்கை அணைத்த பின் அறையில் வெளிச்சம் தங்கியிருக்கிறதா? எக்ஸ்ரேயும் ஒளியைப் போன்ற மின்காந்த அலைதான். பொத்தானை விட்ட கணமே தீர்ந்துபோகும். கட்டில், போர்வை, நோயாளி எதுவும் கதிரியக்கம் அடைவதில்லை. கிருமியோ பொத்தானை விட்டதும் தீர்வதில்லை. காற்றில் மிதக்கும், கைப்பிடியில் உட்காரும், நீங்கள் வீட்டுக்குப் போனால் கூடவே வரப் பார்க்கும்.

ரேடியோகிராபர்கள் சட்டையில் கதிரளவி ஒன்றை மாட்டியிருப்பார்கள். அதை அனுப்பிச் சோதித்தால் எவ்வளவு கதிர் உடலில் பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். தொழில் செய்பவருக்கான உச்சவரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். முறையாக வேலை செய்பவர்களுக்கு அதன் அருகில்கூடப் போகாது. கிருமியை அளக்க அப்படி ஒரு பட்டை யாரிடமும் இல்லை. இன்று தப்பித்தேனா இல்லையா என்பது பல நாள் கழித்துத்தான் தெரியும். பல நாடுகளில் ரேடியோகிராபர்களிடம் பேசி நடத்திய ஆய்வுகளில் இந்தக் கவலை திரும்பத் திரும்ப வருகிறது. தனக்கு வருமோ என்பதைவிட, வீட்டிலுள்ள வயதான பெற்றோருக்கும் குழந்தைக்கும் தன்னால் போய்விடுமோ என்ற கவலை. தனி அறையில் தூங்கியவர்கள் உண்டு, வாரக்கணக்கில் வீட்டுக்கே போகாதவர்கள் உண்டு. தொடக்கத்தில் பாதுகாப்பு உடுப்பு பற்றாக்குறையாக இருந்த நாடுகளில் நிலைமை இன்னும் மோசம்.

இதயம் பெரிதாகிவிட்டதா?

படுக்கையில் எடுக்கும் படத்துக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

சுவருக்கு எதிரே கைவிளக்கைப் பிடியுங்கள். நடுவில் உங்கள் கையைக் காட்டுங்கள். கை சுவரை ஒட்டியிருந்தால் நிழல் கை அளவே இருக்கும். கையை விளக்கின் பக்கம் நகர்த்துங்கள், நிழல் பூதமாக வளரும். எக்ஸ்ரே படம் என்பதும் நிழல்தான். எக்ஸ்ரே அறையில் மார்புப் படம் எடுத்திருந்தால் நினைவிருக்கும்: மார்பைத் தகட்டோடு ஒட்டி நிற்கச் சொல்வார்கள், கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும், குழாய் 180 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால் தகட்டுக்கு அருகில் அமைகிறது. கட்டிலிலோ எல்லாம் தலைகீழ். தகடு முதுகுக்கடியில், கதிர் முன்பக்கமிருந்து, தொலைவு ஒரு மீட்டர் அளவுதான்.

கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். உருப்பெருக்கம் என்பது குழாயிலிருந்து தகடு வரையுள்ள தொலைவை, குழாயிலிருந்து பொருள் வரையுள்ள தொலைவால் வகுத்தால் வருவது. நின்று எடுக்கும்போது இதயம் தகட்டிலிருந்து 6 சென்டிமீட்டரில் இருக்கிறது என்போம்: 180-ஐ 174-ஆல் வகுத்தால் 1.03. படுத்திருக்கும்போது 14 சென்டிமீட்டரில் என்போம்: 100-ஐ 86-ஆல் வகுத்தால் 1.16. ஆக, 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அதே இதயம் ஒரு படத்தில் 12.4 ஆகவும் மற்றொன்றில் ஏறக்குறைய 14 ஆகவும் தெரியும். விவரம் தெரியாதவர் பார்த்தால், "ஐயோ, இதயம் வீங்கிவிட்டது" என்பார். அதனால்தான் படத்தின் ஓரத்தில் ரேடியோகிராபர் குறித்து வைக்கிறார்: கதிர் முன்பக்கமிருந்து வந்ததா பின்பக்கமிருந்து வந்ததா, நோயாளி படுத்திருந்தாரா சாய்ந்திருந்தாரா, மணி எத்தனை, எது இடப்பக்கம். நேற்றுச் சாய்ந்த நிலையிலும் இன்று படுத்த நிலையிலும் எடுத்த படங்களை விவரம் தெரியாமல் ஒப்பிட்டால், நோய் முற்றிவிட்டதாகவோ குறைந்துவிட்டதாகவோ தவறாக முடிவெடுக்க நேரும். சுவாசக் குழாயின் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தப் படத்தில்தான். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் மேலே அது நிற்க வேண்டும். இன்னும் கீழே இறங்கினால் ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டுமே காற்று போகும். ஆகவே அந்தச் சில சென்டிமீட்டர் உயிர் சம்பந்தப்பட்டது.

கண்ணாடிக்கு அப்பால்

பெருந்தொற்றுக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை ஒன்றைச் சொல்கிறேன். இயந்திரத்தை அறைக்குள் கொண்டுபோனால்தானே துடைக்க வேண்டும்? அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறது. எக்ஸ்ரே கண்ணாடியைக் கடக்கும். இயந்திரத்தை வெளியிலேயே நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியாகவே படம் எடுத்தால் என்ன? சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எனப் பல இடங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒருவர் நோயாளியோடும் தகட்டோடும், வெளியே ஒருவர் இயந்திரத்தோடும். இயந்திரத்தில் கிருமி படுவதில்லை. வெளியே இருப்பவருக்கு முழு உடுப்பு தேவையில்லை. தன்னால் எழுந்து நிற்க முடிந்த நோயாளி, தகட்டை மார்போடு அணைத்துக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றால், மேலே சொன்ன இதயச் சிக்கலும் குறைகிறது.

விலை இல்லாமல் எதுவும் வராது. ஒரு மீட்டரில் எடுத்ததை இரண்டு மீட்டரிலிருந்து எடுத்தால், அதே இருபடி விதிப்படி, தகட்டுக்கு வந்து சேரும் கதிர் நான்கில் ஒரு பங்காகும். ஈடுகட்ட இயந்திரத்திலிருந்து நான்கு மடங்கு கதிரை அனுப்ப வேண்டும். கண்ணாடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்சத்தைச் சிதறடிக்கும். சிதறிய கதிர் நடைபாதையில் போகிறவர்மேல் படாதா என்று மருத்துவ இயற்பியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஆள்கள் தள்ளி நின்றால் கவலையில்லை, படத்தின் தரமும் நோயைக் கண்டறியப் போதுமானது என்று தெரிந்த பிறகே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பிவலை பதித்த கண்ணாடி என்றால் வலையும் படத்தில் விழும். அங்கே இந்த வித்தை பலிக்காது. கட்டிலோடு கிடப்பவருக்கும் பெரும்பாலும் ஒத்துவராது. ஆனாலும் அவசரத்தில் தோன்றிய யோசனையை அளந்து பார்த்து ஏற்றுக்கொண்டார்கள் பாருங்கள், அறிவியல் என்று நான் வகுப்பில் சொல்வது அதைத்தான்.

எக்ஸ்ரேயை நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவது ஒன்றும் புதிதல்ல. 1895 நவம்பர் 8 அன்று ரோன்ட்கன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த 20 ஆண்டுகளுக்குள்ளாகவே, முதல் உலகப் போரின்போது மேரி கியூரி மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவிகளை ஏற்றிப் போர்முனைக்கு அருகே அனுப்பினார். மகள் ஐரீன் உடன் சென்றபோது அவருக்கு வயது 17. உங்களில் சிலருடைய வயது.

படத்தை முதலில் பார்ப்பவர்

2021 ஆகஸ்டு 26 அன்று நம் நாட்டில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று உறுதியானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டில்கள் போதவில்லை. செர்டாங்கில் கண்காட்சி வளாகம் ஒன்றே சிகிச்சை மையமாக இயங்கியது. அத்தனை கூட்டத்திலும் எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியாகப் பேசத்தான் வேண்டும். "தாரிக் நாஃபாஸ், தாஹான்" என்றால் நம் எல்லாருக்கும் புரியும்: மூச்சை இழுங்கள், பிடியுங்கள். ஆனால் வங்காளதேசத்திலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளிக்கு? நேப்பாளக் காவலாளிக்கு? சிங்கப்பூரில் 2020-இல் தொற்றுக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பான்மையோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. முகக்கவரிக்குள்ளிருந்து வரும் குரல் பாதி கேட்காது. உதட்டசைவு தெரியாது. சிரித்தாலும் தெரியாது. தன் மார்பைத் தானே விரித்துக் காட்டி, கையை உயர்த்தி, கண்ணாலேயே பேசி அந்த ஒரு மூச்சை வாங்கிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. படம் முதலில் வருவது இயந்திரத்தின் திரையில் என்றேன் அல்லவா? அப்படியானால் அந்தப் படத்தை உலகிலேயே முதலில் பார்ப்பவர் ரேடியோகிராபர். நேற்றைய படமும் அவர் நினைவில் இருக்கும். நேற்று ஓரத்தில் மட்டும் இருந்த வெண்மை இன்று பாதி நுரையீரலை மூடியிருக்கிறது என்று மருத்துவருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கட்டிலில் இருப்பவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பார். பக்கத்தில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை; உறவினருக்கு அனுமதி கிடையாது. படத்தைப் படித்து முடிவு சொல்வது கதிரியல் மருத்துவரின் பொறுப்பு, ரேடியோகிராபர் சொல்லக் கூடாது. விதி அது, நல்ல விதியும்கூட. ஆனால் அந்தக் கேள்விக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? "டாக்டர் வந்து சொல்வாருங்க ஐயா, நீங்க நல்லா மூச்சு விட்டுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, தகட்டை உருவி, அடுத்த கட்டிலுக்குப் போகும் வேலை அது. மறுநாள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையென்றால், வீட்டுக்குப் போய்விட்டாரா வேறு ஏதுமா என்று கேட்கவும் நேரமிருக்காது.

இயற்பியலும் பிடிக்கும், உயிரியலும் பிடிக்கும், ஆனால் மருத்துவராகும் எண்ணமில்லை என்று சொல்லும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு தகவல். ரேடியோகிராபி படிப்பைச் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் டிப்ளோமாவாகப் படிக்கலாம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், யூ.ஐ.டி.எம். ஆகியவற்றில் பட்டப்படிப்பாகவும் படிக்கலாம். சிங்கப்பூரில் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் இதற்கான பட்டக்கல்வியை நடத்துகிறது. தகுதி நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் உங்கள் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குமுன் அந்தக் கைவிளக்குச் சோதனையைச் செய்து பாருங்கள்: விளக்கிலிருந்து சுவர் 180 சென்டிமீட்டர், பிறகு 100 சென்டிமீட்டர். கை சுவரிலிருந்து முதலில் 6, பிறகு 14. நிழலை அளவுகோலால் அளந்து, மேலே உள்ள கணக்கோடு ஒப்பிடுங்கள். கைவிளக்கின் ஒளி ஒரு புள்ளியிலிருந்து வருவதில்லை என்பதால் நிழலின் ஓரம் மங்கலாக இருக்கும். எக்ஸ்ரே குழாயிலும் அதே சிக்கல் உண்டு. அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.